லீக்குக்கு முன்னால் ஒரு நான்கு அணிக் கோப்பை: பெங்களூர் க்ளப்புகளுக்கான செய்முறை

1997 ஜூனில் பிரான்ஸ் தன் மண்ணுக்கு பிரேசில், இங்கிலாந்து, இத்தாலி மூன்றையும் அழைத்து ஒரு நட்புக் கோப்பை நடத்தியது. ஆடிய மூன்று ஆட்டத்தில் ஒன்றைக்கூட பிரான்ஸ் ஜெயிக்கவில்லை. கோப்பை இங்கிலாந்துக்குப் போனது. அடுத்த வருடம் உலகக் கோப்பையைத் தூக்கியது பிரான்ஸ். கௌதமபுரத்திலோ ஆஸ்டின் டவுனிலோ டிவிஷன் லீக்குக்கு முன் நான்கு அணிகளை வைத்து ஒரு ஃப்ரெண்ட்லி டோர்னமெண்ட் போட நினைக்கும் க்ளப் முதலில் மனதில் வாங்க வேண்டியது இதைத்தான்: இந்தக் கோப்பையை ஜெயிப்பது முக்கியமில்லை. லீக்கில் எங்கே அடி விழும் என்பதை முன்கூட்டியே பார்த்துவிடத்தான் இவ்வளவு செலவும் அலைச்சலும். நாள் குறிப்பதிலிருந்து சப் (மாற்று ஆட்டக்காரர்) எண்ணிக்கை வரை எல்லா முடிவையும் அதை வைத்தே எடுங்கள்.

தேதி

லீக்கில் உங்கள் முதல் ஆட்டத் தேதியை எழுதிக்கொண்டு பத்து நாள் பின்னோக்கி எண்ணுங்கள். கோப்பையின் கடைசி ஆட்டம் அந்த நாளைத் தாண்டக் கூடாது. ஹாம்ஸ்ட்ரிங் (பின்தொடைத் தசை) லேசாக இழுத்தாலே ஒரு வாரத்துக்கு மேல் உட்கார வேண்டியிருக்கும். அதே சமயம் மூன்று வாரத்துக்கு மேல் இடைவெளி விட்டால் ஆட்டத்தில் வந்த வேகம் தணிந்துபோகும்.

நான்கு அணி என்றால் ஒவ்வொருவரும் மற்ற மூவரோடு ஆட ஆறு ஆட்டம். ஒரு நாளைக்கு இரண்டு வீதம் மூன்று நாள். ஞாயிறு, வியாழன், ஞாயிறு என்று வைத்தால் நடுவே முதலில் மூன்று நாள், அடுத்து இரண்டு நாள் ஓய்வு கிடைக்கும். வேலைக்குப் போகும் பையன்களுக்கு வியாழன் லீவு கிடைக்காது என்றால் மூன்று ஞாயிறாகப் போடுங்கள். சனி, ஞாயிறு என்று அடுத்தடுத்து 90 நிமிடம் மட்டும் வைக்காதீர்கள். இரண்டாம் நாள் கால்கள் கனத்துப்போய், பயிற்சியாளர் பார்ப்பது களைப்பை மட்டும்தான். வேறு வழியே இல்லையென்றால் பாதிக்கு 30 நிமிடமாகக் குறையுங்கள். அதை ஆட்டம் தொடங்கும் முன்பே இரண்டு அணியும் ரெஃப்ரியும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

தேசிய அணி இதை எப்படிச் செய்தது என்று பாருங்கள். 2018 ஜூனில் மும்பை அந்தேரியில் நடந்த இன்டர்கான்டினென்டல் கோப்பையில் இந்தியா 1, 4, 7, 10 தேதிகளில் ஆடியது. நடுவே இரண்டிரண்டு நாள்தான் ஓய்வு. அடுத்து வந்த 2019 ஆசியக் கோப்பையில் ஜனவரி 6, 10, 14. தயாரிப்பு அட்டவணை நிஜத்தைவிட ஒரு பிடி நெருக்கமாக இருந்தது. உங்களிடம் 22 பேர் உருப்படியாக இருந்தால் அப்படிச் செய்யலாம். 15 பேர்தான் என்றால் வேண்டாம்.

பெங்களூரில் ஏப்ரல், மே மாதங்களிலும் செப்டம்பர், அக்டோபரிலும் சாயங்காலம் இடி மழை எப்போது இறங்கும் என்று சொல்ல முடியாது. காலை 7 மணிக்கு ஒன்று, 9 மணிக்கு ஒன்று என்று வைப்பதுதான் பத்திரம்.

யாரை அழைப்பது

உங்களுக்கு மேல் டிவிஷனில் ஆடும் ஓர் அணி. பின்னால் கும்பலாக நின்று தடுக்கும் ஓர் அணி. 90 நிமிடமும் ஓடும் இளவட்டங்கள், பெரும்பாலும் ஏதாவது ஒரு கல்லூரி அணி. இந்த மூன்றும் மூன்று விதமான தலைவலி கொடுக்கும், அது போதும். லீக்கில் உங்களோடு அதே பிரிவில் இருக்கும் அணியை அழைக்காதீர்கள். உங்கள் கார்னர் அமைப்பை அவர்களுக்கு இலவசமாகக் காட்டிக்கொடுத்ததாகிவிடும்.

லேசான எதிரணிகளாகப் பார்த்து அழைக்கும் ஆசை எல்லா க்ளப்புக்கும் உண்டு. 2023 ஜூனில் புவனேஸ்வரில் இந்தியா மங்கோலியா, வனுவாட்டு, லெபனான் அணிகளை வைத்துக் கோப்பையை வென்றது. உடனே இங்கே கண்டீரவா ஸ்டேடியத்தில் தெற்காசியக் கோப்பையான சாஃப் கோப்பையையும் வென்றது. ஆனால் 2024 ஜனவரியில் கத்தாரில் ஆசியக் கோப்பை வந்தபோது ஆஸ்திரேலியா, உஸ்பெகிஸ்தான், சிரியா மூன்றிடமும் தோல்வி. ஒரு கோல்கூட இல்லை. அந்த வேகத்தையும் உடல் பலத்தையும் ஜூன் மாத எதிரணிகள் காட்டியிருக்கவே முடியாது. உங்களை 3–0 என்று அடிக்கக்கூடிய ஓர் அணியாவது பட்டியலில் இருக்கட்டும், அதுவும் இரண்டாவது ஆட்டமாக. முதல் ஆட்டத்திலேயே அடி வாங்கினால் பையன்கள் சோர்ந்துவிடுவார்கள். கடைசியில் வாங்கினால் அந்த நினைப்போடே லீக்குக்குப் போவார்கள்.

வெளிநாட்டு அணி எதையாவது அழைக்கும் யோசனை இருந்தால் கே.எஸ்.எஃப்.ஏ. (கர்நாடக மாநில கால்பந்து சங்கம்) வழியாக அகில இந்திய கால்பந்து சம்மேளனத்தின் முன் அனுமதி வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் முன்னாலேயே கடிதம் போக வேண்டும்.

எழுதி வைக்க வேண்டிய விதிகள்

எல்லோரும் எல்லோரோடும் ஆடும் நான்கு அணி ரவுண்ட் ராபினில் மூன்று அணிகள் சம புள்ளியில் நிற்பது அபூர்வமே இல்லை. 2018 மும்பையில் இந்தியா, கென்யா, நியூசிலாந்து மூன்றும் ஆறு ஆறு புள்ளி. மொத்த கோல் வித்தியாசத்தில் இந்தியா +7, கென்யா +2, நியூசிலாந்து +1. ஃபைனலுக்குப் போனவை இந்தியாவும் கென்யாவும். அந்த மூன்று அணிகளும் தங்களுக்குள் ஆடிய ஆட்டங்களை மட்டும் எண்ணியிருந்தால் கென்யா வெளியே, நியூசிலாந்து உள்ளே. எந்த முறை என்பதை முதல் விசிலுக்கு முன்பே எழுதி நான்கு மேனேஜர்களிடமும் கையெழுத்து வாங்குங்கள். அப்புறம் பேசினால் சண்டைதான் மிஞ்சும்.

சப் விஷயத்தில் ஃப்ரெண்ட்லிக்குச் சலுகை உண்டு: இரண்டு அணியும் ஓர் எண்ணிக்கையை ஒப்புக்கொண்டு ரெஃப்ரியிடம் ஆட்டத்துக்கு முன் சொன்னால் போதும். ஆனால் எண்ணிக்கையே இல்லாமல் திறந்துவிட்டால் 60-வது நிமிடத்துக்கு மேல் ஆட்டம் கலைந்துபோகும், யாரைப் பற்றியும் ஒன்றும் தெரியாது. முதல் இரண்டு ஆட்டத்தில் எட்டு சப் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவதில் லீக் விதி என்னவோ அதையே அப்படியே பின்பற்றுங்கள். பயிற்சியாளரும் அந்த நெருக்கடியில் முடிவெடுத்துப் பழக வேண்டுமல்லவா?

ஒரு சின்னக் கணக்கு. மூன்று ஆட்டம், 270 நிமிடம், கீப்பர் போக பத்து இடம்: மொத்தம் 2,700 நிமிடம். இருபது பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 135. முதல் பத்துப் பேருக்கு 180, மற்ற பத்துப் பேருக்கு 90 என்று குறி வைத்து, ஒரு நோட்டில் பெயர் வாரியாக நிமிடம் எழுதுங்கள். எழுதாவிட்டால் நடப்பது தெரிந்ததுதான்: கேப்டன் 270 நிமிடமும் ஆடியிருப்பார், இரண்டாவது லெஃப்ட் பேக் எட்டு நிமிடம் ஆடியிருப்பான், லீக்கில் முதல் லெஃப்ட் பேக்குக்கு அடிபட்டதும் என்ன செய்வதென்று முழிக்க வேண்டியதுதான்.

கிரவுண்ட்

லீக் ஆட்டம் எந்தத் தரையில் என்று பாருங்கள். அசோக் நகரில் உள்ள பெங்களூர் ஃபுட்பால் ஸ்டேடியத்தில் செயற்கைப் புல். ஏரியா கிரவுண்டில் செம்மண். செம்மண்ணில் பந்து தாறுமாறாக எழும், செயற்கைப் புல்லில் வழுக்கிக்கொண்டு ஓடும். முடிந்தால் ஒரு நாளாவது லீக் நடக்கும் அதே தரையை வாடகைக்கு எடுங்கள். ஷூவின் அடியில் உள்ள ஸ்டட் நீளமும் மாறும், அதைப் பையன்களுக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

செம்மண்ணில் கோடு போடுவதில்தான் தப்பு அதிகம் நடக்கிறது. 100 மீட்டருக்கு 64 மீட்டர் என்று எடுத்தால் மொத்தக் கோட்டு நீளம் ஏறக்குறைய 695 மீட்டர். முதல் மூலையில் கயிற்றால் 6, 8, 10 மீட்டர் முக்கோணம் போட்டு நேர்கோணம் பிடியுங்கள். நான்கு மூலையும் அடித்த பிறகு குறுக்காக இரண்டு பக்கமும் அளந்தால் இரண்டும் 118.7 மீட்டர் வர வேண்டும். அரை மீட்டர் மாறினால்கூட மைதானம் கோணல். ஆஃப்சைட் பார்க்கும் லைன்ஸ்மேனுக்குக் கண் ஏமாற்றும். பெனால்டி ஏரியாவின் 16.5 மீட்டரை கோல் கம்பத்தின் உள்விளிம்பிலிருந்து அளக்க வேண்டும். கோலின் நடுவிலிருந்து அளக்கிறீர்கள் என்றால் பக்கத்துக்கு 20.16 மீட்டர். பெனால்டி புள்ளி 11 மீட்டர், அதிலிருந்து வளைவு 9.15 மீட்டர்.

கோட்டுக்கு நீர்த்த சுண்ணாம்பு வாங்காதீர்கள். வியர்வையோடு சேர்ந்தால் தோலை அரிக்கும், கண்ணில் பட்டால் பார்வையையே பாதிக்கும். சாக் பவுடர் என்று கேட்டு வாங்குங்கள்.

கோலின் உயரம் 2.44 மீட்டர். கம்பத்தின் அடியில் மட்டும் அளந்து திருப்திப்படாமல் நடுவிலும் அளந்து பாருங்கள். கீப்பர் நிற்கும் இடத்தில் மண் தேய்ந்து பள்ளமாகி ஐந்தாறு சென்டிமீட்டர் கூடியிருக்கும். முந்தின நாள் மண் கொட்டித் தண்ணீர் தெளித்து அழுத்துங்கள். தூக்கி வைக்கும் கோல் என்றால் பின்சட்டத்தின் மேல் மணல் மூட்டை கட்டாயம். சின்னப் பிள்ளைகள் குறுக்குக் கம்பியில் தொங்கி, கோல் கவிழ்ந்து உயிர் போன சம்பவங்கள் உலகமெங்கும் உண்டு. வலையைக் கம்பிக் கொக்கியில் மாட்டாமல் கேபிள் டை போட்டுக் கட்டுங்கள்.

பந்து ஐந்தாம் நம்பர், 410 முதல் 450 கிராம், காற்றழுத்தம் 8.5 முதல் 15.6 பி.எஸ்.ஐ. நம் ஊர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல். சென்னை அணி வந்தால், அங்கே 10 பி.எஸ்.ஐ. காட்டிய பந்து இங்கே 11-ஐத் தாண்டிக் காட்டும், உயரப் பந்தும் சற்றுத் தூரம் கூடப் போகும். அவர்கள் கீப்பருக்கு வார்ம்-அப்பில் நீளமான கிராஸ்கள் பிடிக்க நேரம் கொடுங்கள். ஊசியை நனைக்காமல் குத்தினால் வால்வு கிழியும்.

ஆட்ட நாள்

ஓர் அணிக்கு ஓர் ஆட்டத்துக்கு 20 லிட்டர் கேன் இரண்டு, ஐஸ் ஒரு பெட்டி. ஸ்ட்ரெச்சரும், கிரவுண்ட் வாசல்வரை வந்து நிற்கக்கூடிய ஆம்புலன்ஸும் இல்லாமல் விசில் ஊதக் கூடாது. தலையில் அடிபட்டு ஒரு நொடி தடுமாறினாலும் அவன் அன்றைக்கு மறுபடி உள்ளே போகக் கூடாது. கோப்பை யாருக்குப் போனால் என்ன, இதில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம். இடி கேட்டால் எல்லோரும் வெளியே, கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் காத்திருங்கள்.

ரெஃப்ரிகளை சங்கத்திடம் கேட்டு வாங்குங்கள். க்ளப்பில் ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவர் கையில் விசிலைக் கொடுத்தால் லீக்கில் விழும் மஞ்சள் கார்டுகள் இங்கே விழாது, பையன்களும் திருந்த மாட்டார்கள்.

கூட்டம் வேண்டும், சத்தத்தில் ஆடிப் பழகத்தான். 2018 மும்பையில் முதல் ஆட்டத்துக்கு வந்தவர்கள் 2,569 பேர். அப்போதைய இந்தியக் கேப்டன் சுனில் சேத்ரி வீடியோவில் கேட்டுக்கொண்ட பிறகு அடுத்த ஆட்டத்துக்கு ஸ்டேடியம் நிரம்பியது. உங்கள் ஏரியாவுக்கு உங்கள் கேப்டன் கேட்டால் வருவார்கள். மைக் செட்டுக்கு போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுங்கள்.

ஆட்டம் எப்படி முடிந்தாலும், 4–0 ஆனாலும், கடைசி விசிலுக்குப் பிறகு ஐந்து ஐந்து பெனால்டி அடிக்க எல்லா அணியையும் முன்பே ஒப்புக்கொள்ள வையுங்கள். 2023 சாஃப் கோப்பையில் லெபனானோடு அரையிறுதி, குவைத்தோடு ஃபைனல், இரண்டுமே கண்டீரவாவில் ஷூட்அவுட்டில்தான் முடிந்தன. களைத்த காலோடு அடிக்கும் பெனால்டியைப் பயிற்சியில் கொண்டுவர முடியாது. யார் எந்தப் பக்கம் அடித்தான், கீப்பர் முன்னாலேயே சாய்ந்தாரா என்று அதே நோட்டில் குறியுங்கள்.

மிச்சமிருக்கும் பத்து நாளில் முதல் இரண்டு நாள் முழு ஓய்வு. மூன்றாம் நாள் நோட்டைத் திறந்து, வாங்கிய கோல்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: கார்னரில் எத்தனை, நம் பாஸ் தவறி எத்தனை, 75-வது நிமிடத்துக்கு மேல் எத்தனை. எது அதிகமோ அதற்கு நான்கு பயிற்சி நாள். கடைசி மூன்று நாள் ஓட்டத்தைக் குறைத்து, முதல் பதினொன்றை அறிவித்துவிடுங்கள்.