டயல் ஸ்டாண்ட் கை தொங்கிப்போச்சா? பழைய இரும்புல போடறதுக்கு முன்னாடி எண்ணெயை பாருங்க

டயல் கேஜை (நுண்ணிய அளவை முள்ளால காட்டற கருவி) புடிச்சு நிறுத்தற, நடுவுல இருக்கற ஒரே நாபை (கைப்பிடி திருகு) திருகினா மூணு மூட்டும் ஒண்ணா இறுகுமே, அந்த ஹைட்ராலிக் மேக்னடிக் ஸ்டாண்ட் (எண்ணெய் அழுத்தத்துல பூட்டற, காந்த அடி வச்ச ஸ்டாண்ட்), சில வருஷம் ஆனதும் நாபை கடைசி வரைக்கும் திருகினாலும் கை தொளதொளன்னு தான் நிக்கும், டயலை ஜாப் (வேலை செய்யற பொருள்) மேல வச்சா முள்ளு தானா நகரும். அத்தோட தூக்கி போட்டுடறாங்க, எனக்கு அதுக்கு மனசே வராது, ஏன்னா நான் இதுவரைக்கும் பிரிச்ச மூணுலயும் உடைஞ்ச பார்ட்னு ஒண்ணும் இல்ல, சில சொட்டு எண்ணெய் கசிஞ்சிருந்துச்சு, ஓ-ரிங் (எண்ணெய் ஒழுகாம அடைக்கற ரப்பர் வளையம்) காஞ்சு கல்லாட்டம் ஆயிருந்துச்சு, அவ்வளவுதான்.

முதல்ல உங்களோடது நெஜமாவே ஹைட்ராலிக்கான்னு பாருங்க. சில ஸ்டாண்ட் பாக்க அச்சு அசலா இதே மாதிரி இருக்கும் ஆனா உள்ள ஒரு ஆப்பும் ரெண்டு நீள கம்பியும் தான் இருக்கும், அதுல எண்ணெயே கிடையாது. நாபை மெதுவா முழுசா கழட்டுங்க, உள்ள ஈரமா சின்ன பிஸ்டன் தெரிஞ்சா ஹைட்ராலிக். கண்ணாடி போட்டுக்கங்க, அழுத்தம் மிச்சமிருந்தா எண்ணெய் பீச்சி அடிக்கும்.

உள்ள நடக்கறது இதுதான்: நாப் பிஸ்டனை தள்ளும், பிஸ்டன் எண்ணெயை அழுத்தும், அந்த அழுத்தம் ரெண்டு கை வழியாவும் போய் முனையில இருக்கற சின்ன பிளஞ்சரை (தள்ளற கம்பி) அங்க மூட்டா இருக்கற குண்டு மேல அமுக்கும், நடு மூட்டையும் அதே அழுத்தம் தான் புடிக்கும். 8 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டன்னா பரப்பு 50 சதுர மில்லி, திருகு 1000 நியூட்டன் தள்ளினா எண்ணெய்ல 200 பார் வரும். இவ்வளவு அழுத்தத்துலயும் எண்ணெய் 1.5 சதவீதம் சுருங்கறதே பெருசு, ஆனா உள்ள காத்து தங்கி இருந்தா நீங்க திருகற திருகுல பெரும்பங்கு அந்த காத்தை நசுக்கறதுக்கே போயிடும். அதனால இந்த வேலையில ஓ-ரிங் மாத்தறது சின்ன பங்கு, காத்து இல்லாம எண்ணெய் நிரப்பறது தான் முக்கால்வாசி.

பிளஞ்சர் வெளிய வரலைன்னா கம்ப்ரஸர் காத்து அடிக்காதீங்க, துப்பாக்கி குண்டாட்டம் பறக்கும். எண்ணெய் ஊத்தி நாபை திருகுங்க, அதுவா நகந்து வரும். எல்லாத்தையும் மண்ணெண்ணெய்ல கழுவி, போர்ல (பிஸ்டன் ஓடற துளை) கோடு இருக்கான்னு டார்ச் அடிச்சு பாருங்க, லேசான கோடுன்னா 1000 நம்பர் எமெரி தாளை மரக்குச்சியில சுத்தி எண்ணெய் விட்டு தேச்சு எடுத்துடலாம், ஆழமா இருந்தா போரை சரி பண்ணி அதுக்கேத்த பிஸ்டனை லேத்துல போட்டுக்கறது தான் வழி.

ஓ-ரிங் வாங்கறப்ப பழைய ரிங்கை அளக்காதீங்க, அது நசுங்கி போயிருக்கும், போரையும் பிஸ்டன்ல ரிங் உக்கார்ற பள்ளத்தோட அடி விட்டத்தையும் அளங்க. போர் 8, அடி விட்டம் 5 னா இடைவெளி 1.5 மில்லி, அதுக்கு 1.8 தடிமன்ல உள்விட்டம் 5 இருக்கற ரிங் போட்டா 17 சதவீதம் கிட்ட நசுங்கும், அது சரியா இருக்கும். நைட்ரைல் ரப்பர்னு கேட்டு வாங்குங்க. எண்ணெய் சாதா ஹைட்ராலிக் ஆயில் 32 இல்லன்னா 46 நம்பர் போதும். பிரேக் ஆயில் மட்டும் வேணவே வேணாம், நைட்ரைல் ஊதி போயிடும், பெயின்ட்டும் உரிஞ்சிடும். ரிங் மரையை தாண்டி போகணும்னா மரைக்குள்ள மெல்லிசான பிளாஸ்டிக் ஷீட்டை சுருட்டி வச்சு அது வழியா நுழைங்க, இல்லன்னா மரை பல்லு ரிங்கை சீவிடும், ரெண்டே நாள்ல மறுபடி ஒழுகும்.

இப்போ நிரப்பறது. குண்டையும் பிளஞ்சரையும் அதது இடத்துல மாட்டிட்டு, நாப் ஓட்டை மேல பாக்கற மாதிரி கையை ரெண்டு பக்கமும் கீழ மடக்கி வைஸ்ல புடிங்க, அப்போ தான் காத்து மேல ஏறி வரும். எண்ணெய் பாட்டிலை கொஞ்ச நேரம் சுடுதண்ணில வச்சா இளகி குமிழி சீக்கிரம் ஏறும். சிரிஞ்சுல சொட்டு சொட்டா விடுங்க, பிளாஸ்டிக் சுத்தியால கையை தட்டிகிட்டே இருங்க, குண்டை அமுக்கி அமுக்கி விடுங்க, ஒவ்வொரு தடவையும் ஒண்ணு ரெண்டு குமிழி வரும். அவசரப்படாதீங்க, நான் ஒரு ராத்திரி அப்படியே விட்டுடுவேன், காலையில பாத்தா மட்டம் இறங்கி இருக்கும். விளிம்பு வரைக்கும் ததும்ப விட்டு பிஸ்டனை கொஞ்சம் சாய்ச்சு இறக்குங்க, மிச்ச எண்ணெய் வழிஞ்சு போகட்டும். நாப் தளர்ந்த நிலையில கை லேசா ஆடணும், அரை சுத்து முக்கா சுத்துல கெட்டியாகணும். தளர்த்தினாலும் இறுக்கமாவே இருந்தா எண்ணெய் ஜாஸ்தி, ரெண்டு சொட்டு எடுத்துடுங்க. வெளிய குண்டு மேல எண்ணெய் பட்டிருந்தா சுத்தமா துடைங்க, உராய்வு தான் அதை புடிக்குது.

டெஸ்ட்டுக்கு லேத் பெட் மேல வச்சு 0.01 மில்லிமீட்டர் வரைக்கும் காட்டற டயலை பூஜ்யத்துல நிறுத்தி, கையை விரலால லேசா தள்ளி விடுங்க, முள்ளு பூஜ்யத்துக்கே திரும்பணும். அப்புறம் ஒரு மணி நேரம் விட்டு பாருங்க. மதியம் பூட்டினதை ராத்திரி பாத்து ஏமாறாதீங்க, எண்ணெய் இரும்பை விட நிறைய சுருங்கும், ஷெட் குளிர்ந்தா பிடி தளரத்தான் செய்யும். வேலை முடிஞ்சா நாபை தளர்த்தி வைங்க, பூட்டியே வச்சா ரிங் மேல அழுத்தம் நின்னுகிட்டே இருக்கும்.