ஸ்டேப்பிள் கம்பியைக் கழற்றாதேங்கோ: இங்கிலாந்தில் புரோபேற் எடுக்கப் போகிறவர்களுக்கு

சித்தப்பாவின் அந்தியேட்டிக்குக் (31ஆம் நாள் கிரியைக்கு) கல்வெட்டு, அதாவது நினைவுப் புத்தகம், அடிக்கப் போன இடத்தில்தான், அவருடைய மரண சாதனத்தின் (உயிலின்) கம்பியைக் கழற்ற இடம்கொடுத்த அந்தப் பிழையை விட்டேன். இதை எழுதுவதே அதைச் சொல்லத்தான். ஆனால் இங்கே வந்து இன்னும் ஒரு செத்தவீடும் பார்க்காதவர்கள் இருப்பீர்கள், அதனால் மற்ற விஷயங்களையும் ஒரு ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். புரோபேற் என்றால் இறந்தவரின் சொத்தைக் கையாள நீதிமன்றம் தருகிற அனுமதி. இது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மட்டும். ஸ்கொட்லாந்தில் முறையும் வேறு, பெயரும் வேறு.

மரணத்தை 5 நாளுக்குள் பதிய வேண்டும். பதிவாளர் தரும் பச்சைப் படிவம் இல்லாமல் தகனம் நடக்காது. மரணச் சான்றிதழில் ஐந்தாறு பிரதி அப்போதே காசு கட்டி எடுங்கள், ஒவ்வொரு வங்கியும் ஒன்று கேட்கும். 'டெல் அஸ் வன்ஸ்' என்ற சேவையில் ஒருமுறை சொன்னால் பென்ஷன், பாஸ்போர்ட், லைசன்ஸ் அலுவலகங்களுக்கெல்லாம் செய்தி போய்விடும். அற்றோர்ணித் தத்துவம் (ஒருவருக்காகக் காரியம் பார்க்கும் அதிகாரப் பத்திரம்) இருக்கிறது, நான்தானே இவ்வளவு நாளும் அப்பாவின் கணக்கைப் பார்த்தேன் என்று கார்டைக் கொண்டுபோய்க் காசு எடுக்காதேங்கோ. ஆள் போன நிமிடமே அந்தத் தத்துவமும் போய்விட்டது.

புரோபேற் எல்லோருக்கும் வேண்டியதில்லை. வீடு கணவன் மனைவி இருவர் பெயரிலும் ஜொயின்ற் ரெனன்ஸி முறையில் இருந்தால், ஒருவர் போனதும் மற்றவருக்குத் தானாகவே வந்துவிடும். தனிப் பெயரில் வீடு இருந்தால், அல்லது வங்கியில் அந்தந்த வங்கி வைத்திருக்கும் எல்லையைத் தாண்டிப் பணம் கிடந்தால், நீதிமன்றத்தின் புரோபேற் பிரிவிடம் போகத்தான் வேண்டும். மரண சாதனம் இருந்தால் பி.ஏ.1.பி படிவம், இல்லாவிட்டால் பி.ஏ.1.ஏ. ஒன்லைனிலும் செய்யலாம். சொத்து 5,000 பவுணுக்கு மேல் என்றால் கட்டணம் 300 பவுண். மரண சாதனம் இல்லாமல் போனவருக்குப் பிள்ளைகளும் இருந்தால், கணவனுக்கோ மனைவிக்கோ முதல் 322,000 பவுணும் மிச்சத்தில் பாதியும். இங்கே மண்டபம் எடுத்து ஐயரைக் கூப்பிட்டுத் தாலி கட்டிவிட்டுப் பதிவுக்குப் போகாமல் விட்டவர்களுக்கு இந்தக் கணக்கில் ஒரு பென்னியும் இல்லை. முப்பது வருஷம் ஒன்றாக இருந்தாலும் சட்டத்துக்கு அவர் மனைவி அல்ல. இதை வாசித்துவிட்டு நாளைக்கே பதிவுக்குப் போகிறவர்கள் போங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

இறந்தவரின் சொத்துக்கான வரி பற்றி: 325,000 பவுண் வரை இல்லை, மேலே 40 சதவீதம், கணவன் மனைவிக்குள் கைமாறினால் இல்லை. 2025 ஏப்ரலில் இருந்து, கடைசி 20 வருஷத்தில் 10 வருஷம் இங்கே இருந்தவருக்கு உலகத்தில் எங்கே சொத்திருந்தாலும் கணக்கில் வரும். இலங்கையில் இருக்கிற ஊர்க் காணியும்தான். "அது அப்பாவின்ர முதுசம், அதை ஏன் இவங்களுக்குச் சொல்லுவான்?" என்று கேட்கிற மச்சான் எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் இருப்பார். அவர் சொல்வதைக் கேட்டுப் படிவத்தில் கையெழுத்து வைக்கப் போவது நீங்கள் என்பதை மறக்காதீர்கள்.

இனி என் கதை.

சித்தி முதலே போய்விட்டார். வீடு சித்தப்பாவின் தனிப் பெயரில். ஒரு மகள் பாரிஸில், மகன் ரொறன்ரோவில். மரண சாதனத்தில் நிறைவேற்றுநர், அதாவது அதன்படி காரியங்களைச் செய்து முடிக்க வேண்டியவர், என்று என் பெயரைப் போட்டிருந்தார். மூன்று தாள், இடது மூலையில் ஒரு ஸ்டேப்பிள் கம்பி, சாமியறையில் பழைய பஞ்சாங்கங்களுக்குக் கீழே ஒரு பிரவுன் உறைக்குள் இருந்தது. ரொறன்ரோத் தம்பிக்கு வாட்ஸப்பில் படம் எடுத்து அனுப்பினேன். மூலை மடிந்து எழுத்துகள் சரிந்து விழுந்திருந்தன. "அண்ணா, வடிவா ஸ்கான் பண்ணி அனுப்புங்கோவன்" என்றான். கல்வெட்டு அடிக்கக் கடைக்குப் போகிற வழிதானே என்று உறையையும் எடுத்துக்கொண்டு போனேன்.

கடைப் பெடியன் நல்ல சுறுசுறுப்பு. நான் தேவாரத்தில் ஒரு எழுத்துப்பிழையைக் காட்டிக்கொண்டிருந்தேன். அதற்குள் அவன் கம்பியைப் பல்லுக் கருவியால் பிடுங்கி, மூன்று தாளையும் மெஷினில் ஓடவிட்டு, திரும்ப அடுக்கி, புதுக் கம்பி ஒன்றை 'டக்' என்று அடித்துத் தந்துவிட்டான். பழைய ஓட்டை இரண்டு, பக்கத்தில் புது ஓட்டை இரண்டு. அதற்கு மேல் கொப்பிகளையும் சேர்த்து ஒரு கிளிப் போட்டுவிட்டான். பத்து நாள் அப்படியே கிடந்ததில் முதல் தாளில் கிளிப்பின் தழும்பும் விழுந்துவிட்டது. நான் அவனுக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தேன். இதுதான் இன்னும் எனக்கு எரிகிறது.

அசல் மரண சாதனத்தைத் தபாலில் அனுப்ப வேண்டும். கொப்பி ஏற்க மாட்டார்கள். அனுப்பிவிட்டு, வீட்டுக்கு ஒரு வாங்குநரையும் பார்த்து வைத்துக் காத்திருந்தேன். சில வாரம் கழித்து புரோபேற் பிரிவிடமிருந்து வந்தது விசாரணைக் கடிதம். மூலையில் மேலதிக ஓட்டைகள் இருக்கின்றன, கிளிப் அடையாளம் இருக்கிறது, இதனோடு வேறு ஏதாவது தாள் இணைக்கப்பட்டிருந்ததா, யார் கழற்றினார்கள், எப்போது, ஏன், எல்லாவற்றுக்கும் கையெழுத்திட்ட வாக்குமூலம் வேண்டும் என்று.

முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது, பிறகு கோபம். ஒரு ஸ்டேப்பிள் கம்பிக்கா இவ்வளவு? ஆனால் யோசித்துப் பார்த்தால் அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஊரில் மரண சாதனம் என்றால் நொத்தாரிசும் (பத்திரம் எழுதி உறுதிப்படுத்தும் சட்டத்தரணியும்) இரண்டு சாட்சியும், நொத்தாரிசு இல்லாவிட்டால் ஐந்து சாட்சி. நொத்தாரிசின் அலுவலகத்தில் அவருடைய பிரதி ஒன்று இருக்கும். வீட்டில் கிடப்பதை எலி கடித்தாலும் போய்க் கேட்க ஒரு இடம் உண்டு. இங்கே நொத்தாரிசே தேவையில்லை. இரண்டு சாட்சி முன்னால் கையெழுத்து வைத்தால் முடிந்தது, தாளை அலுமாரிக்குள் வைக்கலாம். அதற்குப் பின்னால் நின்று பேச ஒருவரும் இல்லை. அப்போது அந்தத் தாளின் மூலை, ஓட்டை, தழும்பு இவைதான் சாட்சி. நடுத்தாளை மாற்றிச் செருகினார்களா, பின்னால் எழுதிய திருத்தம் ஒன்றைப் பிடுங்கி எறிந்தார்களா என்று அவர்கள் வேறு எப்படி அறிவது? 1987ஆம் ஆண்டின் புரோபேற் விதிகளிலேயே, வேறு தாள் இணைந்திருந்த அடையாளம் தெரிந்தால் விளக்கம் கேட்கலாம் என்று இருக்கிறதாம். இது என் சொலிசிற்றர் (வழக்கறிஞர்) சொன்னது. அவருக்கு அது மிகச் சாதாரண விஷயம். "எல்லாரும் செய்யிறதுதான்" என்றார், பில்லை நீட்டியபடி.

கம்பியைப் பிடுங்கியது நானில்லை, கடைப் பெடியன். அவனும் ஒரு வாக்குமூலம் தந்தால் நல்லது என்றார் சொலிசிற்றர். போனால், பெடியன் வேலையை விட்டு லெஸ்ரருக்குப் படிக்கப் போய்விட்டான். முதலாளியிடம் நம்பர் வாங்கி, அவனுக்கு விஷயத்தை விளக்கினால், தன்னைக் கோர்ட்டில் ஏற்றப் போகிறேன் என்று பயந்து மூன்று நாள் போனே எடுக்கவில்லை. கடைசியில் அவனுடைய தாயோடு கதைத்து, நாங்களும் அவர்களும் பக்கத்து ஊர் என்று கண்டுபிடித்து, அதற்குப் பிறகுதான் கையெழுத்து வந்தது. அதற்குள் வீடு வாங்க நின்றவர் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு வீடு பார்த்துக்கொண்டார். வெறும் வீட்டுக்கு இன்சூரன்ஸ்காரனும் தனியாகக் காசு கேட்டான். கவுன்சில் வரி மட்டும், புரோபேற் கிடைக்கும் வரைக்கும் அதற்குப் பிறகு 6 மாதமும் வெறும் வீட்டுக்கு விலக்கு என்பதால் தப்பியது.

அதனால் அசல் கைக்கு வந்த நிமிடமே ஒரு பெரிய உறைக்குள் போடுங்கள். கிளிப் வேண்டாம், குண்டூசி வேண்டாம், பென்சிலால் குறிப்பு வேண்டாம். கிழிந்திருந்தால் செலோடேப் ஒட்ட வேண்டாம், கிழிந்தபடியே அனுப்புங்கள். எங்கள் ஆட்களுக்குப் பிறப்புச் சான்றிதழில் இருந்து சாதகம் வரை லாமினேற் செய்கிற வியாதி இருக்கிறது. தயவுசெய்து இதற்கு வேண்டாம். கொப்பி வேண்டுமென்றால் கம்பி இருந்தபடியே தாளைப் பின்னால் மெதுவாகப் புரட்டி, கண்ணாடியில் ஒவ்வொன்றாக வைத்து எடுங்கள். எழுத்து சரிந்து விழுந்தால் விழட்டும். கடைக்குக் கொண்டுபோவதென்றால் தாளைக் கையை விட்டுக் கொடுக்காதீர்கள்.

பெயர் விஷயமும் ஒன்று. சித்தப்பாவுக்கு வீட்டு உறுதியில் தகப்பன் பெயர் முன்னுக்கு, வங்கியில் பின்னுக்கு, பாஸ்போர்ட்டில் இரண்டும் ஒட்டி ஒரே சொல். விண்ணப்பத்தில் வேறு பெயர்களில் சொத்து இருந்ததா என்று கேட்கிற இடத்தில் எல்லாவற்றையும் எழுதிவிடுங்கள். இன்னும் மரண சாதனம் எழுதாதவர்கள், மகளையும் மருமகனையும் சாட்சிக்குப் பிடிக்காதேங்கோ. சாட்சிக்கோ சாட்சியின் கணவன் மனைவிக்கோ எழுதிய பங்கு செல்லாது. 1837ஆம் ஆண்டுச் சட்டம், இன்னும் அப்படியே இருக்கிறது.

கிராண்ட், அதாவது அந்த புரோபேற் அனுமதிப் பத்திரம், கடைசியில் வந்தது. முத்திரை வைத்த பிரதிகளை விண்ணப்பிக்கும்போதே கூடுதலாகக் கேட்டிருந்தேன், ஒவ்வொரு வங்கிக்கும் ஒன்றாக அனுப்ப வசதியாக இருந்தது. அன்று பின்னேரமே ரொறன்ரோவில் இருந்து தம்பி எடுத்தான். "அண்ணா, அதை ஒருக்கா வடிவா ஸ்கான் பண்ணி அனுப்புங்கோவன்." போனிலேயே படம் எடுத்து அனுப்பினேன். ஒரு மூலையில் என் பெருவிரலும் விழுந்திருந்தது.