முதலில் மாதம், அப்புறம் மலை

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வரும் நம்மில் பலருக்கு வாய்ப்பது இரண்டே காலம்: பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை விடும் ஜூலை, ஆகஸ்ட், இல்லாவிட்டால் டிசம்பர் கடைசி. ஊரில் இருக்கும் சொந்தங்களோ ஏப்ரல், மே வெயிலுக்குத் தப்பித்து மலையேறுகிறவர்கள். அந்தப் பழக்கத்தில்தான் நமக்கும் வழி சொல்வார்கள். நாம் போகும் மாதத்தில் அதே மலை வேறு மாதிரி இருக்கும். அதனால் எந்த மலை என்று கேட்பதற்கு முன்னால் எந்த மாதம் என்று பாருங்கள்.

ஜூலை, ஆகஸ்ட் தென்மேற்குப் பருவமழைக் காலம். கூடலூர், வால்பாறை பக்கம் விடாமல் கொட்டும். வால்பாறையை ஒட்டிய சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே மிக அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. சன்னலோரம் உட்கார்ந்து தேயிலைத் தோட்டத்தில் மழை இறங்குவதைப் பார்க்க ஆசைப்பட்டால் தாராளமாகப் போகலாம். ஆனால் சின்னப் பிள்ளைகளோடு வெளியே நடக்க முடியாது, அட்டையும் ஏறும்.

அந்த மாதங்களில் என் தேர்வு கோத்தகிரி. 2,637 மீட்டர் உயரத் தொட்டபெட்டா சிகரம் மேற்கே நின்று மேகத்தை மறித்துக்கொள்வதால் ஊட்டி அளவுக்கு இங்கே நனைய வேண்டியதில்லை. கோடநாடு காட்சிமுனையில் நின்றால் மாயாறு பள்ளத்தாக்கும், அடியில் தெங்குமரஹாடா கிராமமும் விரிந்து கிடக்கும். கன்னேரிமுக்கில், ஊட்டியை உருவாக்கிய ஆங்கிலேயக் கலெக்டர் ஜான் சல்லிவனின் பங்களா அருங்காட்சியகமாக இருக்கிறது. கூட்டம் குறைவு என்பதால் அவசரமில்லாமல் நடக்கலாம். இரண்டு நாளாவது தங்குங்கள். காலையில் ஏறி மாலையில் இறங்கினால் பிள்ளைகளுக்குக் கொண்டை ஊசி வளைவும் வாந்தியும்தான் நினைவில் நிற்கும்.

டிசம்பர் கடைசியில் வருகிறவர்களுக்கு வால்பாறையைச் சொல்வேன். ஆழியாற்றிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில் வண்டியை நிறுத்திக் கீழே ஆழியாறு அணையைப் பாருங்கள். பாறைச் சரிவில் வரையாடு நின்றாலும் நிற்கும். வால்பாறை ஊருக்குப் பக்கத்தில் புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்குகள் சாலையோரத்திலேயே தென்படும். அவை சாலையைக் கடக்க மரத்துக்கு மரம் கயிற்றுப் பாலம் கட்டியிருப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். தின்பண்டம் எதுவும் கொடுக்காதீர்கள். இருட்டிய பிறகு தோட்டப் பாதையில் நடக்கவே வேண்டாம், யானை நடமாட்டம் உள்ள இடம்.

அதே சமயத்தில் ஊட்டிக்குப் போனால் விடியற்காலையில் தலைகுந்தா புல்வெளியில் உறைபனி வெள்ளையாகப் படர்ந்திருப்பதைப் பார்க்கலாம். கனடாவிலும் நார்வேயிலும் இருந்து வருகிறவர்கள் இதெல்லாம் ஒரு குளிரா என்று கம்பளி உடையை விட்டுவிட்டு வருவார்கள். அங்கே வெளியேதான் குளிர், வீடு சூடாக இருக்கும். இங்கே பெரும்பாலான அறைகளில் வெளியே இருக்கும் குளிர்தான் உள்ளேயும். வயதானவர்களுக்குக் காலுறையும் கம்பளித் தொப்பியும் கட்டாயம்.

ஊட்டி மலை ரயிலுக்கு, முன்பதிவு தொடங்கியவுடனே இடம் பதிவு செய்யுங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து காலையில் கிளம்பும் ரயில் குன்னூர் வரை நீராவி எஞ்சினில் போகிறது. கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்தின் நடுவில் உள்ள பற்சட்டத்தைப் பிடித்து, எஞ்சின் பின்னாலிருந்து பெட்டிகளைத் தள்ளும். 1899இல் குன்னூர் வரையும் 1908இல் ஊட்டி வரையும் வந்த பாதை இது. 2005இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ஊட்டி போய்ச் சேர ஐந்து மணி நேரம் ஆகும். இடம் கிடைக்காவிட்டாலும் முட்டி வலிக்காரர்கள் கூட வந்தாலும் குன்னூர்–ஊட்டி துண்டுப் பயணமே போதும். பருவமழையில் மண் சரிந்தால் கல்லாறு–குன்னூர் பகுதியில் ரயிலை ரத்து செய்துவிடுவார்கள், மாற்று ஏற்பாட்டை யோசித்து வையுங்கள்.

இனி, கையில் இருக்க வேண்டியவை. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகும் வண்டிகளுக்கு, உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும். வால்பாறைக்கும் இப்போது அது உண்டு. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்தே பதிவு செய்துகொள்ளலாம். அரசுப் பேருந்தில் போனால் இது தேவையில்லை. வாடகைக் காரானால் ஓட்டுநர் எடுத்துவிட்டாரா என்று கிளம்புவதற்கு முன்பே கேளுங்கள்.

பாஸ்போர்ட் விஷயம் இதைவிட முக்கியம். வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவரைத் தங்கவைக்கும் விடுதி, அவர் விவரத்தை அரசிடம் பதிய வேண்டும். இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும் இதுதான் விதி. அந்த ஏற்பாடு இல்லாத சின்ன விடுதிகள் வாசலில் வைத்தே மறுத்துவிடும். ஒருமுறை அம்மாவையும் தூங்கி விழும் பிள்ளையையும் வைத்துக்கொண்டு இரவு எட்டு மணிக்கு வேறு அறை தேடி அலைந்தேன். அன்றிலிருந்து, அறை பேசும்போதே “எங்களுடையது வெளிநாட்டு பாஸ்போர்ட், பரவாயில்லையா?” என்று கேட்டுவிடுகிறேன்.

நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை. சோதனைச் சாவடியில் தண்ணீர்ப் பாட்டிலை வாங்கி வைத்துக்கொள்வார்கள். எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோங்கள். ஊட்டியிலிருந்து மசினகுடிக்குக் கூகுள் மேப் கல்லட்டி வழியைக் காட்டும். மிகச் செங்குத்தான அந்தப் பாதையில் வெளியூர் வண்டிகள் இறங்க அனுமதி இல்லை, கூடலூர் சுற்றித்தான் போக வேண்டும். மைசூரிலிருந்து வந்தால் பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும்.

கொடைக்கானலை எந்த மாதத்திலும் சேர்த்துக்கொள்ளலாம், ஏரியைச் சுற்றிவிட்டு அதோடு திரும்பாவிட்டால். பூம்பாறைக்குப் போங்கள். படிப்படியாக இறங்கும் வயல்கள், குழந்தை வேலப்பர் கோயில், 2019இல் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டு. அதற்கும் அப்பால் மன்னவனூர் ஏரி. கொடைக்கானல் மலைகளில் 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி கடைசியாக 2018இல் பூத்தது. அடுத்தது 2030, அதுவும் சரியாக ஆகஸ்டை ஒட்டி. அந்த வருட விடுமுறையை மட்டும் இப்போதே ஊருக்கென்று ஒதுக்கி வையுங்கள்.