உதகை ஈரத்தில் கூறைப்பட்டைக் காக்க

நீலகிரியில் ஆடி மழை தொடங்கினால் பீரோவுக்குள்ளும் ஈரம் இறங்கிவிடும் என்பதால், கூறைப்புடவையையும் சரிகைக் கரையிட்ட அங்கவஸ்திரத்தையும் பிளாஸ்டிக் உறையில் அடைக்காமல், கஞ்சி போடாத பழைய வெள்ளை வேட்டியில் சுற்றி வையுங்கள். சரிகையில் உள்ள வெள்ளி ஈரக்காற்றில் கறுத்துவிடும். என் தாயாரின் முகூர்த்தப் பட்டில், பல ஆண்டுகள் ஒரே மடிப்பில் கிடந்த முந்தானையின் மடிப்புக் கோட்டில்தான் இழைகள் முதலில் விட்டுப்போயின; அதைக் கண்டபோது மனம் மிகவும் வருந்தியது. ஆகவே மூன்று மாதங்களுக்கு ஒருமுறை, மழையில்லாத பகலில், நேர்வெயில் படாத அறையில் விரித்து ஆறவிட்டு, மடிப்பை மாற்றி மடியுங்கள். நாப்தலீன் உருண்டை சரிகையைத் தொடவே கூடாது. 2013இல் நீலகிரிப் பழங்குடியினரான தோடர்களின் பூத்தையலுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தத் தையலிட்ட பூத்துக்குளி என்னும் போர்வை உங்களிடம் இருந்தால், அதன் சிவப்பு, கறுப்புக் கம்பளி நூலைப் பூச்சி அரிக்கக்கூடும் என்பதால், பட்டோடு சேர்க்காமல் தனியே வையுங்கள்.