சிஸ்டம்டி சேவையை மாற்றுவதற்கு முன்

லினக்ஸில் பின்னணிச் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டிக்கு ஆவணம் குறைவில்லை. பல பக்கங்களில் சிதறிக் கிடப்பதுதான் தொல்லை. சேவைக் கோப்பில் எழுதும் ஓர் அமைப்பு வரி எந்தப் பக்கத்தில் விளக்கப்பட்டிருக்கிறது என்று அறிய ‘மேன் சிஸ்டம்டி.டைரக்டிவ்ஸ்’ என்ற கையேட்டுப் பக்கத்தைப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் அட்டவணை அதுதான், பலர் அதைத் திறப்பதே இல்லை. இணையத்தில் படித்தது புதிய பதிப்புக்கானதாக இருக்கலாம். பழைய பதிப்பு, தனக்குத் தெரியாத வரியைப் பதிவேட்டில் (லாக்) ஓர் எச்சரிக்கையோடு தாண்டிவிடும். சேவை ஓடும், மாற்றம் மட்டும் நடக்காது.

‘சிஸ்டம்சிடிஎல் கேட்’ கட்டளையோடு சேவையின் பெயரைக் கொடுத்தால் வட்டிலுள்ள கோப்புகள் பாதையோடு வரும். நினைவகத்தில் ஏறியிருப்பதைக் காட்டுவது ‘ஷோ’.

யூஎஸ்ஆர் அடைவிலுள்ள மூலக்கோப்பைத் தொடாதீர்கள், அடுத்த மேம்படுத்தலில் மாற்றம் அழிந்துவிடும். ‘சிஸ்டம்சிடிஎல் எடிட்’ போட்டால் ஈடிசி அடைவில் மூலக்கோப்பின் மேல் உங்கள் மாற்றங்களை மட்டும் சேர்க்கும் தனி ஓவர்ரைடு கோப்பு உருவாகும். பெரும்பாலோர் இடறுவது இங்கேதான்: சேவையைத் தொடங்கும் கட்டளையைச் சொல்லும் எக்ஸெக்ஸ்டார்ட் வரியை அதில் எழுதினால், அது பழையதை நீக்காது, அதோடு சேர்ந்துகொள்ளும். ஒன்ஷாட் (ஒரு வேலையை முடித்ததும் நின்றுவிடும் வகை) அல்லாத சேவை இரண்டு கட்டளைகளை ஏற்க மறுக்கும். எனவே முதலில் மதிப்பில்லாமல் ‘எக்ஸெக்ஸ்டார்ட்=’ என்று ஒரு வரி, அதற்குக் கீழே புதிய கட்டளை. கோப்பைக் கையால் திருத்தியிருந்தால் கோப்புகளை மீண்டும் படிக்கச் சொல்லும் ‘டீமன்-ரீலோட்’ தேவை. எப்படித் திருத்தினாலும் சேவையை ‘ரீஸ்டார்ட்’ செய்யுங்கள்.