எம்.டி.எம்.ஏ. பழக்கம்: செவ்வாய்க்கிழமை முகத்தைக் கவனியுங்கள்

வாரக்கடைசியில் விழுங்கிய எம்.டி.எம்.ஏ. (எக்ஸ்டசி என்னும் போதை மாத்திரை) வீட்டாருக்குத் தெரியவருவது பெரும்பாலும் செவ்வாய், புதன்கிழமைகளில்தான். மாத்திரை 30 முதல் 60 நிமிடத்துக்குள் ஏறும். 3 முதல் 6 மணி நேரம் நிற்கும். அந்த நேரத்தில் மூளை தன்னிடமுள்ள செரோட்டோனின் என்னும், மனநிலையைச் சீராக வைக்கும் ரசாயனத்தைப் பெருமளவில் கொட்டிவிடுகிறது. இருப்பு மறுபடி சேரும்வரை இரண்டு மூன்று நாளுக்குக் காரணமில்லாத அழுகை, எரிச்சல், தூக்கமின்மை, சோற்றைக் கண்டாலே வெறுப்பு. சனிக்கிழமை எல்லோரையும் கட்டியணைத்த பிள்ளை செவ்வாயன்று கதவைச் சாத்திக்கொள்வது இதனால்தான்.

வாயைப் பாருங்கள். தாடை இறுகிப் பல்லைக் கடிப்பதால் உள்கன்னத்திலும் நாக்கின் ஓரத்திலும் கடிபட்ட புண் இருக்கும். காலையில் தாடை வலிக்கிறது என்பார்கள். அதைச் சமாளிக்கத்தான் பை நிறையச் சூயிங்கம். எடுத்த இரவில் வெளிச்சத்திலும் கண்மணி விரிந்தே இருக்கும். ஆனால் இவற்றில் ஒன்றை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். தேர்வு பயமும் மனச்சோர்வும்கூடத் தூக்கத்தைக் கெடுக்கும். நான்கு வாரம் நாட்காட்டியில் குறித்து வையுங்கள்: எந்த இரவு வெளியே போனார், எந்த நாள் சோர்ந்தார், பணம் எப்போது குறைந்தது. ஒரே வரிசை திரும்பத் திரும்ப வந்தால் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது.

மாதம் ஒரு முறை வாரம் ஒரு முறையாவதும், ஒரு மாத்திரை இரண்டு மூன்றாவதும், கூட்டம் இல்லாமல் தனியாக எடுப்பதும் பழக்கம் முற்றுவதன் அடையாளங்கள். செரோட்டோனின் இருப்பு குறைந்த மூளையில் பழைய இன்பம் கிடைக்காது. அளவைக் கூட்டினால் இதயத் துடிப்பும் உடல் சூடும்தான் கூடும். போதாததற்கு, எம்.டி.எம்.ஏ. என்று விற்கப்படுவதில் மெத்தாம்பெட்டமைன் என்னும் இன்னொரு போதைமருந்தோ வேறு ரசாயனமோ கலந்திருப்பது சகஜம்.

உடம்பு நெருப்பாகக் கொதித்தால், தசை விறைத்தால், குழம்பிப் பேசினால், வலிப்பு வந்தால் உடனே 108. மருத்துவ உதவி வரும்வரை காற்றோட்டமான இடத்தில் இடப்பக்கமாகப் படுக்க வைத்து, உடையைத் தளர்த்தி, ஈரத்துணி போட்டு விசிறுங்கள். அக்குளிலும் தொடை இடுக்கிலும் ஐஸ் வையுங்கள். பாராசிட்டமால் இந்தச் சூட்டை இறக்காது. தண்ணீரைக் குடம் குடமாகக் குடிக்க வைப்பது பெரிய தவறு: இந்த மருந்து சிறுநீரை அடக்கிவைக்கும், ரத்தத்தில் சோடியம் சரிந்து மூளை வீங்கும். என்ன எடுத்தார், எத்தனை மணிக்கு, மனநோய் மாத்திரை ஏதும் சாப்பிடுகிறாரா என்பதை மருத்துவரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். சில மனச்சோர்வு மருந்துகளோடு இது சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து.

பேசும்போது செவ்வாய்க்கிழமையைத் தவிருங்கள். அன்று எதைச் சொன்னாலும் காயமாகும். வெள்ளி காலை, பசியில்லாத நேரம் நல்லது. "சனிக்கிழமைக்கு அப்புறம் ரெண்டு மூணு நாள் நீ நீயாவே இல்லப்பா. என்னன்னு சொல்லு, கூட வரேன்" என்பது போதும். தெரியாமல் சிறுநீர்ப் பரிசோதனை செய்தால் நம்பிக்கை போய்விடும். 2 முதல் 4 நாள் கழிந்திருந்தால் அதில் ஒன்றும் தெரியவும் தெரியாது.

தமிழ்நாட்டில் போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446, மனநல ஆலோசனைக்கு 14416, இரண்டும் கட்டணமில்லாதவை. மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கும் நேரே போகலாம். இதற்கென்று அங்கீகரிக்கப்பட்ட தனி மருந்து கிடையாது. எது தூண்டுகிறது, அப்போது என்ன செய்வது என்று பழக்கும் மனநல ஆலோசனைதான் முதன்மையான சிகிச்சை. மனச்சோர்வு மாத்திரையைக் கடையில் தானாக வாங்கிக் கொடுக்காதீர்கள். சாக வேண்டும் என்று ஒரு சொல் வந்தாலும் தனியே விடாதீர்கள்.

தனியார் மையம் என்றால் மூன்று கேள்விகளை முன்பணம் கட்டும் முன்பே கேளுங்கள்: மாநில மனநல ஆணையத்தில் பதிவு உண்டா, மனநல மருத்துவர் எந்தெந்த நாள் வருகிறார், நாங்கள் எப்போது வந்து பார்க்கலாம். மழுப்பினால் திரும்பிவிடுங்கள். நோயாளிக்குச் சங்கிலி போடுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடைசெய்கிறது. வழக்கு வருமோ என்று பயந்து சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம்: போதை மருந்துச் சட்டத்தின் 64ஏ பிரிவு, சிறு அளவு போதைப்பொருளோடு சிக்கிய, போதைக்கு அடிமையானவர் தானே முன்வந்து அரசு மையத்திலோ அரசு அங்கீகரித்த மையத்திலோ சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்குக் கோர வழிவிடுகிறது, சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்த விலக்கு போய்விடலாம்.

விட்ட முதல் சில வாரம் களைப்பும் மந்தமும் இருக்கும். வேளைக்குச் சாப்பாடும் தூக்கமும் அப்போது மருந்துக்குச் சமம். சனிக்கிழமை மாலை 6 மணிக்கு யாரோடு, எங்கே என்பதை வியாழனே முடிவு செய்துவிடுங்கள். மாத்திரை தருபவரின் எண்ணைப் பிள்ளையே தன் கையால் அழிக்கட்டும். ஒருமுறை சறுக்கினால் அடுத்த நாளே ஆலோசகரைப் பார்க்க அழைத்துப் போங்கள்.