இங்கிலீஷ் மீடியம் பிள்ளைய தமிழ்க் கதை படிக்க வைக்கிறது எப்படி?

எங்க வீட்டுல ஒர்க் ஆன முறை இது. பொண்ணு மூணாம் கிளாஸ், தமிழ் எழுத்துக் கூட்டிப் படிப்பா, ஆனா நாலு வரி தாண்டினா டேப் எங்கம்பா. போன் எவ்ளோ நேரம் குடுக்கலாம்ங்கிற பஞ்சாயத்துக்கு நான் வரல. ராத்திரி சாப்பிட்டதுல இருந்து தூங்குற வரைக்கும் எல்லார் போனும், நம்மளோடதும்தான், ஹால்ல சார்ஜ்ல கிடக்கணும், அவ்ளோதான்.

ஸ்டெப் 1: வயசைப் பார்த்து புக் எடுக்காதீங்க

இங்கிலீஷ்ல தடி புக் படிக்கிற பிள்ளைக்கு தமிழ்ல ஒரு பக்கத்துக்கு ரெண்டு வரி இருக்கிற புக்தான் செட் ஆகும். பிரதம் புக்ஸோட ஸ்டோரிவீவர் சைட்ல தமிழ்க் கதைகள் ஃப்ரீ, நாலு லெவலா பிரிச்சிருக்காங்க. நம்ம பள்ளிக்கல்வித்துறை வாசிப்பு இயக்கத்துக்குப் போட்ட குட்டி புக்ஸ் நுழை, நட, ஓடு, பறன்னு வரும், அதுவும் நல்லா இருக்கு. பிடிஎஃப்பை டேப்ல காட்டாதீங்க, மேல ஒரு நோட்டிஃபிகேஷன் வந்தா கதை காலி. ஜெராக்ஸ் கடையில பிரிண்ட் எடுத்து நடுவுல பின் அடிச்சுடுங்க.

ஸ்டெப் 2: கிளை நூலகம்

மெம்பர் ஆகிடுங்க, புக்கை பிள்ளையே எடுக்கட்டும். வீட்டு வரியோட நூலக வரியும் சேர்த்துதான் கட்டுறோம், 1948 சட்டத்துல இருந்தே அப்படித்தான், அப்புறம் ஏன் சும்மா விடணும்? சென்னைக்காரங்க ஒரு தடவை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துல குழந்தைகள் பிரிவுக்குக் கூட்டிட்டுப் போங்க, உள்ளயே பெரிய மரம் செஞ்சு வச்சிருக்காங்க.

ஸ்டெப் 3: பங்கு போட்டுப் படிக்கிறது

முக்கால்வாசி வீட்டுல நின்னு போறது இங்கதான், எங்க வீட்டுலயும் இங்கதான் நின்னுச்சு. வீட்டுல "நடந்துட்டிருந்தா"ன்னு பேசுற பிள்ளைக்கு புக்குல "நடந்துகொண்டிருந்தாள்"னு இருக்கும். 11 எழுத்து. ஒவ்வொண்ணா கூட்டி கடைசி ள் வர்றதுக்குள்ள முதல் எழுத்து மறந்துடும், அப்புறம் எங்க கதை புரியுறது? பிள்ளைக்கு ஆர்வம் இல்லன்னு நாம முடிவு கட்டிடுறோம், உண்மையில அதுக்கு மூச்சு வாங்குது.

அதனால கதை சொல்ற வரியெல்லாம் நீங்க படிங்க, மேற்கோள் குறிக்குள்ள வர்ற பேச்சை மட்டும் பிள்ளைகிட்ட விடுங்க. "வா", "எங்கே போறே?", "எனக்குப் பசிக்குது" மாதிரி சின்னச் சின்னதா, காதுக்குப் பழகின தமிழா வரும், நரி குரல்ல கத்திப் படிக்கிறதுல அதுங்களுக்கு ஒரு குஷி வேற. பேச்சு நிறைய வர்ற கதையா பார்த்து எடுங்க. பழகினதும் ஒவ்வொரு பக்கத்துலயும் முதல் வரியும் அவங்களுக்கு. நீளமான வார்த்தை வந்தா பின்பாதியை கட்டை விரலால மூடுங்க, முதல்ல "நடந்து" மட்டும் தெரியட்டும், அப்புறம் மிச்சத்தைத் திறங்க. ல, ள குழம்பினா கண்டுக்காதீங்க, அர்த்தம் மாறினா மட்டும் சொல்லுங்க. முடிச்சதும் இதுல நீதி என்னன்னு கேட்டு பரீட்சை ஆக்கிடாதீங்க, ப்ளீஸ்.

இன்னொண்ணு, கதை சூடு பிடிக்கிற இடத்துல புக்கை கவுத்து வச்சுட்டு பாத்திரம் கழுவப் போயிடுங்க. சில நாள் திரும்பி வர்றதுக்குள்ள அதுவே அடுத்த பக்கம் போயிருக்கும்.

ஸ்டிக்கர் சார்ட், ஒரு புக்குக்கு ஒரு சாக்லேட் இதெல்லாம் எனக்குப் பிடிக்காது, சாக்லேட் நின்னா படிப்பும் நிக்கும். தானா வாசிச்சுக் காட்டுற ஆப்பும் வேணாம், பிள்ளை படத்தை மட்டும் பார்த்துட்டிருக்கும். காமிக்ஸ் தாராளமா குடுங்க, அது முழுக்கவே பேச்சுதானே.

அப்டேட்: தாத்தா வீட்டு பழைய பைண்டிங் அம்புலிமாமாவை குடுத்தேன், பிள்ளைக்கு எழுத்தே புரியலங்கறான்னு ஒருத்தர் கேட்டிருந்தாங்க. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னாடி அச்சடிச்சதுல லை, னைக்கெல்லாம் முன்னாடி யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு வளைவு இருக்கும், ணா, றா, னாவும் வேற மாதிரி சுழிச்சிருக்கும். அதுக்கப்புறமும் கொஞ்ச வருஷம் பழைய அச்சு ஓடிச்சு. ஒரு அட்டையில பழசும் புதுசும் பக்கத்துல பக்கத்துல எழுதி புக்மார்க்கா வச்சுடுங்க, ரகசிய எழுத்துன்னு சொன்னா இன்னும் ஜோரா படிப்பான்.

அப்டேட் 2: தினமும் அதே புக்கையே கேக்குறான்னா கேக்கட்டும், படிங்க. பின் கழண்டுச்சுன்னா கெட்டி நூலால தைச்சுடுங்க, அது பின்னை விட ரொம்ப நாள் தாங்குது.